தேவி இழுத்துக்கொண்ட கால்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

இன்று வேங்கிக்கால் மைதானத்தில் எங்கள் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சி ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைந்தது. கோச்சான நானே இறங்கினேன். மழை விட்ட சாயங்காலம். மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. பந்து காலுக்கு வந்ததும் முழங்கால் வலி மறந்துபோனது. கொல்கத்தா கிளப்பில் சம்பளத்துக்கு ஆடிய நாட்களைப் போல, ஓட ஓட எதிரே வழி திறந்துகொண்டே போனது. கடைசித் தடுப்பாக நின்ற தேவியையும் தாண்டி கோல் போட்டேன். மிதப்பது போல இருந்தது.

தேவியை யாரும் அவ்வளவு சுலபமாகத் தாண்டியதில்லை. தண்ணீர் குடிக்கும்போது அவளிடம் கேட்டேன்.

"என்னத் தடுக்காம வேணும்னே கால இழுத்துக்கினதானே?"

"ஆமா சார். நீங்க உழுந்துட்டா எங்களுக்கு யாரு கோச்சு? அடுத்த வாரம் மேட்ச் இருக்குல்ல."

அவள் சொன்னது நியாயம்தான். அதுதான் மனசு ஆறவில்லை.

தூக்கத்தில் நான் உதைக்கிறேன் என்று மனைவி நடுவில் தலையணை வைத்துவிட்டுத் தூங்குகிறாள். எனக்கும் கண் சொருகுகிறது. அதே மேகம், அதே ஈரப் புல், காலில் பந்து. எதிரே தேவி நிற்கிறாள்.

இங்கேயாவது காலை இழுத்துக்கொள்ளாதே, தேவி.