சாட்சிக் கையெழுத்து

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம், பயப்படாதீர்கள்.

திங்கள் மத்தியானம் இங்கே மெட்ரோ ரயில் நிலைய வாசலில், என்னோடு உணவகச் சமையலறையில் வேலை செய்யும் கறுப்பினத்தவரான எமிலைப் பொலிஸ் விழுத்தி அடித்தது. ஊர்ச் சோதனைச்சாவடிகளில் வந்த பழைய பழக்கத்தில், கேட்காமலே என் அடையாள அட்டையை நீட்டினேன். "உங்களைக் கேட்கவில்லை மடாம், போங்கள்" என்றான் பொலிஸ்காரன் ஒருவன். எனக்குத் தந்த அந்த மரியாதையை எமிலுக்குத் தரவில்லை.

"உனக்கேன் பிள்ளை உந்த வேலை?" என்பீர்கள். அண்ணையை ஆமி பிடித்துப்போனதைக் கண்டவர்களிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டு வீடு வீடாக அலைந்தது யார் அம்மா? ஒருவராவது கதவு திறந்தார்களா?

நான் பொலிசுக்கு எதிரான முறைப்பாட்டில் சாட்சியாகக் கையெழுத்து வைத்துவிட்டேன். அடித்தவன் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நீங்கள் அனுப்பும் மிளகாய்த்தூள் இம்முறை பாதி போதும். என்னோடு பங்கிட்டுச் சாப்பிடும் எமில் இன்னும் ஆஸ்பத்திரியில்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகள்,
ஜெசிந்தா