சோள மாவு சேராத மாத்திரை

அன்புள்ள அக்கா,

ஃபோனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால் எழுதுகிறேன். அவளுக்குத் தடிப்பு வந்தது பிரஷர் மருந்தால் அல்ல, மாத்திரையில் கலக்கும் சோள மாவால். முன்பின் தெரியாதவர்களிடம் பேசக் கூசும் நான், மருந்துக் கம்பெனி கம்பெனியாக விசாரித்து, அந்த மாவு சேராத மாத்திரையைக் கண்டுபிடித்தேன். டாக்டரும் சரி என்றார்.

அம்மா தொடவில்லை. "காலேஜ் போயிட்டா நீ டாக்டராடி? பெரியவ சொல்லட்டும், போட்டுக்கறேன்" என்கிறாள்.

தினமும் அவளுக்குக் களிம்பு தடவுவது நான். எப்போதோ ஃபோன் செய்யும் உனக்குத்தான் அந்த முகம் மலர்கிறது. வயிறு எரிகிறது அக்கா.

பழைய மாத்திரையையும் நிறுத்திவிட்டதால் பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது. கடிதம் கிடைத்ததும் அம்மாவிடம் பேசு. நீயே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள். அவள் உன்னை மெச்சத் தொடங்கியதும் ஃபோனை வைத்துவிடு. நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் தங்கை