பின்வரிசையில் மாமியாரும் மருமகளும்

1974 மார்ச் 4, திங்கள்

வெயில் இப்போதே ஆரம்பம். கூழ்வற்றல் பிழிந்து மாடியில் காயப் போட்டேன். சாயங்காலம் கடல் காற்று.

கோபாலபுரம் பள்ளிக்கூட மைதானத்தில் பெண்கள் பூப்பந்து ஆடுகிறார்கள். மருமகள் கோமதிக்கு அங்கே மூன்று வருஷப் பழக்கம். ஐந்து பேர் வேண்டும். ஒருத்தி பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டாள். கேப்டன் சரோஜா, டெலிபோன் ஆபீஸில் வேலை, என்னைப் பார்த்து, "பெரியம்மா, ஆள் கிடைக்கிற வரைக்கும் சும்மா வந்து நின்னா போதும்" என்றாள். சும்மா நிற்க நான் என்ன தூணா? ஐந்தாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு யாரும் எனக்குப் புதிதாக ஒன்று கற்றுக் கொடுத்ததில்லை. "ஆடியே காட்டுறேன்" என்றேன். வயது ஐம்பத்திரண்டு.

முதல் பந்து: காற்றை அடித்தேன். இரண்டாவது: மறுபடி காற்று. மூன்றாவது வருவதற்குள் பேட் கைநழுவிக் காலில் பட்டது. எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பந்து தலையில்.

மல்லிகா, கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு உடை தைக்கிறவள்: "இன்னா ஆச்சி, நடு ஆட்டத்துல பேட்டுக்குப் பூஜை போட்டுக்கினு கீறீங்க?"

எல்லோரும் சிரிப்பு. நானும்.

மார்ச் 6, புதன்

இன்று ஏழு பந்து பேட்டில் பட்டது. அதில் மூன்று வலையைத் தாண்டியது. பேத்தி வள்ளி விரல் விட்டு எண்ணினாள்.

கற்றவை: புடவை கணுக்காலுக்கு மேலே. பந்து தரையில் படக் கூடாது. கண்ணை மூடக் கூடாது (இதுதான் கஷ்டம்).

வலது தோளுக்கு நல்லெண்ணெய்.

மார்ச் 8, வெள்ளி

மனசு சரியில்லை.

பின்வரிசையில் நானும் கோமதியும். நடுவில் வருகிற பந்துக்கு ஒருத்தி "என்னுது" என்று கத்த வேண்டும், மற்றவள் விட வேண்டும். கோ. கத்தவில்லை. மாமியாரைப் பார்த்து எப்படிக் கத்துவாள்? மரியாதையாக ஒதுங்குகிறாள். ஆட்டம் தெரிந்தவள் எடுக்கட்டும் என்று நானும் நிற்கிறேன். பந்து இருவருக்கும் நடுவில் பொத்தென்று. ஒன்பது தடவை.

சரோஜாவுக்குக் கோபம். "இது கோர்ட்டா, கல்யாணப் பந்தியா? நீங்க முதல்ல, நீங்க முதல்லன்னு! ஞாயித்துக்கிழமை தி.நகர்க்காரங்க மேட்சுக்கு வராங்க. இப்படியே போனா நான் வேற ஆள் பாக்கணும் பெரியம்மா."

அழுகை வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. திரும்பும் வழியில் கோ.விடம், "ஏன்டி, கத்தினா என்ன?"

"வாய் வரமாட்டேங்குது அத்தை."

"எட்டு வருஷத்துல ஒரு நாளாவது உன்னை அதட்டியிருக்கேனா?"

முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்தாளோ என்னவோ.

மார்ச் 9, சனி

தயிர்க்காரி வரவில்லை. இட்லிக்கு அரைத்தேன். மாடியில் துணி எடுக்கும்போது கோ.வைக் கத்திப் பழகச் சொன்னேன். "என்னுது" என்றாள். கொசுவே இதைவிடச் சத்தம் போடும்.

மார்ச் 10, ஞாயிறு

மேட்ச். தி.நகர்க்காரிகள் ஐந்து பேரும் ஒரே பச்சைப் புடவை.

முதல் கேம் போச்சு. எங்கள் இருவருக்கும் நடுவிலேயே குறி வைத்து அடித்தார்கள். கண்டுபிடித்துவிட்டார்கள்.

இரண்டாவதில் ஒரு பந்து உயரமாக வந்தது. நான் பேட்டைத் தூக்கினேன்.

"தள்ளுங்க அத்தை! என்னுது!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. தள்ளினேன். கோ. அடித்த அடியில் இரண்டு பச்சைப் புடவை ஒன்றோடொன்று மோதிக்கொண்டது. அதற்குப் பிறகு அவள் வாய் ஓயவில்லை. "விடுங்க! பின்னால! அய்யோ, பின்னால போங்க!" நானும் சளைக்கவில்லை. "என்னுது, போடி அந்தாண்ட!" என்று ஒன்று எடுத்தேன். போனது, விழுந்தது, பாயிண்ட்! வள்ளி குதித்தாள். "எங்க ஆச்சி! எங்க ஆச்சி!"

இரண்டாவது கேம் எங்களுக்கு. மூன்றாவது தோற்றோம். தோற்ற மாதிரியே இல்லை. சரோஜா வலையைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்: "வேற ஆள் பாக்கலை பெரியம்மா."

இரண்டு வடை அதிகம் தின்றேன்.

மார்ச் 11, திங்கள்

கை தூக்க முடியவில்லை. ஆனாலும் சாம்பாருக்குத் தாளிக்கப் போனேன். முதுகுக்குப் பின்னால் கோ., நேற்றைய அதே குரலில்:

"விடுங்க அத்தை, கரண்டியை இப்படிக் கொடுங்க!"

சாப்பிட உட்கார்ந்த என் மகன் பயந்துபோய் எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

கொடுத்தேன்.