கணவாய் மைக்கு மட்டும் கவுச்சி கிடையாதா?

டாக்டரய்யா,

மூடியைத் திருகியதும் அந்த ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. ஆஸ்பத்திரியில், பேத்தி ரேவதியின் கைப்பையில் போன் சார்ஜரைத் தேடிக்கொண்டிருந்தேன். கையில் மாட்டியது இந்தச் சின்ன சீசா. உள்ளே கேழ்வரகு அளவில் வெள்ளை உருண்டைகள். சுற்றியிருந்த காகித உறையில் உங்கள் முகம். தடித்த கண்ணாடி, பக்கவாட்டில் வாரிய முடி, கீழே உங்கள் மகனுடைய கிளினிக்கின் பெயர். நீங்கள் போய்ச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் உங்களுக்கு ஓய்வு கொடுக்கமாட்டேன் என்கிறார்கள்.

ரேவதி இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எட்டாம் மாதம். கால் வீங்கி, பிரஷர் ஏறி, கொண்டுவந்து சேர்த்திருக்கிறோம்.

“இதுல இன்னாடி இருக்குது?” என்று கேட்டேன்.

போனில் தட்டிப் பார்த்தாள். “செபியான்னு போட்டிருக்கு ஆயா. கணவாய் இருக்குல்ல, அது வுடுற மையில செய்யறதாம்.”

“இன்னாது?”

“கணவாய் மை. முழுவாம இருக்கும்போது வாந்தி வந்தா, வாசனை ஆவலன்னா குடுப்பாங்களாம்.”

“இன்னொருவாட்டி படி.”

படித்தாள். எனக்கு உச்சந்தலையில் தீ வைத்தது போல இருந்தது. ‘செபியா’ என்ற அந்தப் பேரை நான் மறக்கவில்லை. “அந்த செபியாவை எடு” என்று உங்கள் வீட்டம்மாவிடம் சொன்னீர்கள். ஏதோ துரைசாணி பேர் மாதிரி இருக்கிறதே என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். கணவாய் அறுத்து அறுத்து நகக்கண் கறுத்துப்போனவள் நான். அந்தக் கணவாயின் மையை எனக்கே மருந்தென்று கொடுத்துவிட்டு, என் மீன் வாசனைதான் மருந்தைக் கெடுக்கிறது என்று சொன்னீர்களே, இது எந்த ஊர் நியாயம்?

நீங்கள் இருந்திருந்தால் நேரே வீட்டுக்கு வந்து கேட்டிருப்பேன். இல்லாததால் எழுதுகிறேன்.

ரேவதியின் அம்மா என் வயிற்றில் இருந்த சமயம். குருசுக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, முத்தியால்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து மீன் விற்றுக்கொண்டிருந்தேன். மூன்றாம் மாதத்தில் மீன் வாசனையே ஆகாமல் போய்விட்டது. கூடையைத் தலையில் ஏற்றினால் குடல் வாய்க்கு வரும். எங்கள் குப்பத்தில் இதை வெளியில் சொல்ல முடியுமா? என் மாமியார் தெருவே கேட்கும்படி சொன்னாள்: “குப்பத்துல வாக்கப்பட்டுட்டு கவுச்சி ஆவலியாமே மகாராணிக்கு! கடலத் தூக்கி அப்பால வெக்கச் சொல்லட்டுமா?” சிரித்த பெண்கள் யார் யார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன்.

உங்கள் வீட்டுக்கு வந்தது அப்போதுதான். நீங்கள் டாக்டருக்குப் படித்தவர் இல்லை. ஆபீஸ் வேலைக்குப் போகும் முன்னால் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கண்ணாடி அலமாரியிலிருந்து ஓமியோபதி மருந்து எடுத்துக் கொடுப்பீர்கள். தெருவே உங்களை டாக்டர் என்றது, நானும் சொன்னேன். முதல் நாள் என்னிடம் நீங்கள் கேட்ட கேள்விகளை வேறு யாரும் கேட்டதில்லை. எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வருகிறது, தண்ணீர் வெந்நீராகக் குடிக்கத் தோன்றுகிறதா, கனவில் என்ன வருகிறது என்றெல்லாம் கேட்டீர்கள். “அழுவும்போது யாராவது தேத்தினா ஆறுதலா இருக்குமா?” என்றும் கேட்டீர்கள்.

“கோவந்தான் வரும்” என்றேன்.

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டீர்கள். கட்டினவர் கேட்கவில்லை, பெற்றவள் கேட்கவில்லை. என்னை உட்காரவைத்து, உனக்கு என்ன கனவு வருகிறது என்று கேட்ட ஒரே மனிதர் நீங்கள். அதற்காக மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்துவிடுவேன் என்று நினைக்கவேண்டாம்.

மருந்தைக் கையால் தொடக்கூடாது. சீசா மூடியில் உருண்டைகளைக் கொட்டி நாக்கில் சாய்ப்பீர்கள். “தூஸ்மா, தூஸ்மா” என்பீர்கள். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட வார்த்தையாம், மெதுவாக என்று அர்த்தமாம். நாக்கில் உருண்டை கரைவதற்கும் தூஸ்மா, படியிறங்கினாலும் தூஸ்மா. காபி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, வீட்டில் கற்பூரம் ஏற்றக்கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

அடுத்த முறை வந்து வாந்தி நிற்கவில்லை என்று சொன்னேன். அப்போதுதான் சொன்னீர்கள்: “நீ கூடை தூக்குறத நிறுத்தும்மா. கவுச்சியில மருந்து செத்துப்போகுது. இனிமே அலமாரிகிட்ட வராதே, வாசப்படிகிட்டயே உக்காரு. மத்தவங்க மருந்தும் கெட்டுடும்.”

அறையில் ஆறேழு பேர் இருந்தார்கள். கனகாம்பரமும் மல்லிகையுமாகத் தலை நிறைய வைத்து, கழுத்தெல்லாம் பவுடர் அப்பிக்கொண்டு ஒரு வாத்தியார் வீட்டம்மா அலமாரியை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். அவள் வாசனையில் உங்கள் மருந்து சாகவில்லை. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். எழுந்துபோய் வாசற்படியில் உட்கார்ந்தேன். வயிற்றில் பிள்ளையோடு, வெயிலில்.

உங்கள் வீட்டம்மா வாரம் தவறாமல் பின்வாசலில் என்னிடம் சங்கரா வாங்கினார்களே, அது? சமையலறைக்கும் அந்த அலமாரிக்கும் நடுவில் ஒரே சுவர். உங்கள் வீட்டுக் குழம்பு கொதிக்கும்போது அந்த சீசாக்களெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தனவா?

ஐந்தாம் மாதத்தில் வாந்தி நின்றது. பெரும்பாலான பெண்களுக்கு அதற்குள் தானாகவே நின்றுவிடும். “பாத்தியா, மருந்து பிடிச்சுக்கிச்சு” என்றீர்கள். நின்றால் உங்கள் மருந்து, நிற்காவிட்டால் என் மீன். நல்ல கணக்கு.

இவ்வளவும் சொன்னவள் மற்றதையும் சொல்லத்தான் வேண்டும். பேறுகாலம் நெருங்கும்போது என் கால் வீங்கியது. மெட்டி விரலுக்குள் புதைந்துபோய்விட்டது. தலை பிளந்தது, கண்ணில் பூச்சி பறந்தது. மருந்துக்காக உங்களிடம்தான் வந்தேன். மாமியாரும் கூட வந்தாள். வழக்கம்போல வாசற்படியில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் நீங்கள் எழுந்து வாசலுக்கு வந்தீர்கள். தரையில் குந்தி, என் முழங்காலுக்குக் கீழே, எலும்பின்மேல் பெருவிரலை வைத்து அழுத்தினீர்கள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மாவில் அழுத்தினது போல. “கண்ணு எப்படித் தெரியுது?” என்று கேட்டீர்கள். சொன்னேன்.

“இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போ. இப்பவே.”

மாமியார் விடவில்லை. “மாசமா கீறவளுக்கு கால் வீங்காம இன்னா வீங்கும்? நாலு உருண்டையக் குடு சாமி, போறோம்.”

“ஒரு உருண்டைகூட தரமாட்டேன்!” என்று கத்தினீர்கள். உங்கள் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதே இல்லை. செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடி ஒரு ரிக்‌ஷாவை நிறுத்தினீர்கள். என்னைத் தூக்கி ஏற்றினீர்கள். என் கவுச்சி உங்கள் வெள்ளைச் சட்டையில் ஒட்டியிருக்கும். ரிக்‌ஷாக்காரர் பள்ளம் பார்த்து மெதுவாக மிதித்தார். பின்னாலிருந்து உங்கள் சத்தம் வந்தது: “தூஸ்மா கீஸ்மா ஒண்ணும் வேணாம்ப்பா! மிதி!”

இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வலிப்பு வந்து இரண்டு உயிரும் போயிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி கூடையோடு வந்தேன், நினைவிருக்கிறதா? நன்றி சொல்ல வந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். கூடையை நேராக அந்த அலமாரிக்குக் கீழே இறக்கினேன். “வாங்குற மீனு நாறாது, விக்கிறவதான் நாறுவாளா?” என்று கேட்டேன். உள்ளே உங்கள் வீட்டம்மா சிரித்தது கேட்டது. “எங்க புஸ்தகத்துல அப்படிப் போட்டிருக்கும்மா” என்றீர்கள். “அத எழுதுனவன் கடலப் பாத்திருக்கானா?” என்றேன். கூடையைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “உனக்குத் தூக்கம் வருதா?” என்று கேட்டீர்கள். குழந்தைக்கு அல்ல, எனக்கு. மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கும் புத்தகம் பார்க்கவேண்டுமா?

இப்போது நடப்பதைக் கேளுங்கள். உங்கள் மகன் சாரம் பகுதியில் ஏசி போட்ட கிளினிக் வைத்திருக்கிறான். ரேவதி அங்கேதான் வாந்திக்குப் போனாள். போகட்டும், இனிப்பு உருண்டைதானே என்று இருந்தேன். போன வாரம் அவளுக்குத் தலைவலி. கொலுசு பதிந்து கணுக்காலில் தடம். அவனுக்குப் போன் செய்து கேட்டாள். “மருந்து வேலை செய்ய ஆரம்பிச்சா மொதல்ல கொஞ்சம் கூடத்தான் செய்யும்” என்றானாம்.

“ஆஸ்பத்திரிக்குக் கிளம்புடி” என்றேன்.

“நீயே பெரியவர் மருந்து சாப்ட்டுதான ஆயா பொழச்ச? கால் வீங்கி வந்த குருசுக்குப்பத்து அம்மாவ எங்கப்பா இதே உருண்டையில காப்பாத்தினாருன்னு அங்க எல்லாருக்கும் சொல்றாங்க. அது நீதானன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு.”

கேட்டீர்களா டாக்டரய்யா? நீங்கள் மருந்து தர மறுத்ததால் பிழைத்தவள் நான். என்னைக் காட்டியே மருந்து கொடுக்கிறான். என் பேத்திக்கே கொடுக்கிறான்.

நான் அவளோடு வாதாடவில்லை. தரையில் குந்தினேன். என் முழங்கால் போட்ட சத்தம் உங்களுக்கே கேட்டிருக்கும். நீங்கள் அழுத்திய அதே இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன். குழி எழும்பவில்லை. ரேவதி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “வலிக்கல ஆயா” என்றாள், குரல் இறங்கிப்போய். ஆட்டோக்காரன் வேகத்தடைக்கு வேகத்தடை நிதானித்தான். “தூஸ்மால்லாம் வேணாம், போ!” என்று கத்தினேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, போனான்.

கணவாய் விஷயம் தெரிந்த மறுநாளே சாரத்துக்குப் போனேன். ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், இரண்டு பேர் வயிற்றுப்பிள்ளைக்காரிகள். வரவேற்பில் இருந்த பெண் டோக்கன் வாங்கச் சொன்னாள். “உங்க மொதலாளி சொல்ற கதையில வர்றவ நான், எனக்கு இன்னாத்துக்கு டோக்கன்?” என்றேன். சத்தம் கேட்டு உங்கள் மகன் வெளியே வந்தான். உங்கள் மூக்கு அப்படியே.

“உக்காருங்க பாட்டி, பிரஷர் ஏறிடப்போவுது.”

“என் பேத்திக்கு ஏறியாச்சு. உங்கப்பா எனக்கு ஒரு உருண்டைகூட தரல. தரமாட்டேன்னு தெருவுல கத்தினாரு. அதனாலதான் நான் உசுரோட நிக்கிறேன். அவரு படத்தப் போட்டா அதையும் சேத்துப் போடு.”

“அப்பா எங்ககிட்ட அப்படிச் சொல்லலையே” என்றான் மெதுவாக.

நீங்கள் ஏன் சொல்லவில்லை? உங்கள் மருந்தால் தீராதது ஒன்று உண்டு என்று பெற்ற பிள்ளையிடம் சொல்ல அவ்வளவு கூச்சமா? இதையும் நான் மறக்கப்போவதில்லை.

திரும்பும்போது, வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி புடவையைக் கொஞ்சம் உயர்த்திக் காலை நீட்டினாள். “ஆயா, எனக்கும் கொஞ்சம் அமுத்திப் பாரேன்.” குந்தினேன். அழுத்தினேன். குழி விழவில்லை. “இருந்தாலும் ஆஸ்பத்திரியில ஒருவாட்டி பிரஷர் பாத்துடு, கண்ணு” என்றேன். தலையாட்டினாள்.

ரேவதிக்கு இன்று காலை பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். இன்னும் சில நாள் படுக்கையில்தான். நர்ஸ் வந்துபோன பிறகு நானும் ஒருமுறை அவள் காலில் அழுத்திப் பார்க்கிறேன். அழுத்தும் விரல் என்னுடையது, இடம் காட்டியது நீங்கள். அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் விரலை எடுத்துவிட்டு முகர்ந்து பார்க்கிறேன் டாக்டரய்யா. கூடையை இறக்கி எத்தனையோ வருடமாகியும் கவுச்சி போகவில்லை. அந்த வாசற்படியும் போகவில்லை.