இரண்டு அடித்தால் சௌக்கியம்

நவ. 15, ஞாயிறு

விடாத மழை. கொல்லையில் கணுக்கால் தண்ணீர். கா. 6.40: போன் இரண்டு முறை அடித்து நின்றது. அமெரிக்கா சௌக்கியம்.

ஏற்பாடு கமலாவுடையது. பெண் சித்ராவின் பிரசவத்துக்குப் புறப்பட்ட அன்று, மீனம்பாக்கத்தில் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு விதித்த சட்டம். ஞாயிறு காலை போன் இரண்டு முறை அடித்து நின்றால் எல்லாரும் நலம். மூன்று அடித்து நின்றால் அவள் திரும்பி வர டிக்கெட் போட்டாயிற்று. நாலாவதும் அடித்தால்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் காசு.

போன வாரம் ஆசையில் முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

“யாருங்க?”

“ஒங்க பொண்டாட்டி. வைங்க போனை!”

இந்த மாதம் என் மனைவியுடன் நான் நடத்திய மொத்த உரையாடல்.

செய்ய வேண்டியவை:
1. திருக்கடையூர் குருக்களுக்குப் பதில். தை மாதம் எனக்கு அறுபதாம் கல்யாணம்.
2. தயிர்.
3. பத்திரிகைக்குத் துணுக்கு இரண்டு. திரும்பி வருவதற்குத் தபால்தலை வைக்க மறக்கக் கூடாது. அதுவாவது வரட்டும்.

நவ. 18, புதன்

சித்ரா கடிதம். நனைந்து, பாதி எழுத்து வங்காள விரிகுடா.

அவள் வேலை என்னவென்று ஒருவழியாக விளக்கியிருக்கிறாள். அவள் ஒன்றாம் வகுப்பில் சிலேட்டை உடைத்த காலத்தில் ஏவிய விண்கலம் ஒன்று. எல்லாக் கிரகங்களையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறது. அது அனுப்பும் சிக்னல் இவர்களுடைய பெரிய தட்டு ஆன்டெனாவுக்கு வந்து சேர ஏறக்குறைய பத்து மணி நேரம். மேட்டூரில் திறந்த தண்ணீர் நம் வாய்க்காலுக்கு என்றைக்கு வரும் என்று விரல்விட்டு எண்ணியே பொதுப்பணித்துறையில் முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். புரிகிறது.

அந்தச் சிக்னலின் பலம் ஃப்ரிட்ஜுக்குள் எரிகிற பல்பு அளவுதானாம். திறந்து பார்த்தேன். பல்பு. அரை எலுமிச்சம்பழம். நேற்றைய தயிர். குளிர் போகிறதே என்று தோன்றும்வரை நின்றேன்.

கலத்தில் கரண்டு குறைகிறதாம். காமிராவை எப்போதோ அணைத்துவிட்டார்கள். மற்றதையும் ஒவ்வொன்றாக அணைப்பார்களாம். இன்னும் இருபது வருஷம் தாங்கலாம். நானும் மாடியைப் பூட்டிவிட்டேன். கூடத்து ஃபேன் வேண்டாம். அடுப்பு ஒரு வேளை.

“சில நாள் அது புதுசா ஒண்ணும் சொல்லாதுப்பா. இருக்குன்னு தெரிஞ்சா போதும்” என்று எழுதியிருக்கிறாள். ஓரத்தில் பொடி எழுத்தில்: லீவு முடிகிறது, அடுத்த மாதம் வேலைக்குப் போக வேண்டும்.

நவ. 21, சனி

மழை விட்டு விட்டு. மதியம் மெஸ். தெருவில் நாலு வீட்டு அம்மாக்கள் அமெரிக்காவில் பேரன் பேத்தி குளிப்பாட்டுகிறார்கள். நாலு கணவன்மார்களும் ஒரே பெஞ்சில். எதிர்வீட்டுக் கோபாலன் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டதாகப் பீற்றல். பிறகு ஏன் மெஸ்ஸில் இரண்டாம் தடவை ரசம் கேட்டான் என்று நான் கேட்கவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

திரும்பும்போது சலீம் பாயின் எஸ்.டி.டி. பூத்.

“அம்மா எப்ப வராங்க சார்?”

“தைக்குள்ள வந்தாகணும் பாய். கல்யாணப் பொண்ணாச்சே.”

“எங்க வாப்பா துபாய்ல இருந்தப்போ உம்மா பன்னெண்டு வருஷம் இப்படித்தான் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இப்ப ஆம்பளைங்க முறை. நல்லா இருங்க!”

நவ. 22, ஞாயிறு

கா. 6.40. ஒன்று. இரண்டு. மூன்று! எழுந்த வேகத்தில் வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. நாலு. ஐந்து.

எடுத்தேன். திருக்கடையூர் குருக்கள்.

“அம்மா வந்துடுவாங்கல்ல? அதே நாளுக்கு இன்னொரு பார்ட்டி கேக்கறாங்க.”

“வராம? மாப்பிள்ளை இப்பவே ரெடி.”

“மாப்பிள்ளை மட்டும் வந்தா தாலிய யார் கழுத்துல கட்டுவீங்க?”

சிரித்தார். நானும். வைத்த பிறகுதான் உறைத்தது, நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் அவள் நேரம். லைன் கிடைத்திருக்காது. ஒன்பது மணிவரை போன் பக்கத்திலேயே. பல் தேய்க்கவில்லை. அடிக்கவில்லை.

இந்த வாரம் சௌக்கியமா என்று தெரியாது.

நவ. 26, வியாழன்

கமலா கடிதம். தேதி பார்த்தேன்: இரண்டு வாரத்துக்கு முன் எழுதியது.

“என்னங்க, சித்ரா வேலைக்குப் போயாகணும். பாப்பாவை முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட விட மனசு வரலை. விசாவை ஆறு மாசம் நீட்டிக்க எழுதிக் குடுத்துட்டோம். கோவிச்சுக்காதீங்க. அறுபது போனா என்ன, எண்பதுக்கு ஜோரா பண்ணிக்கலாம். மாவடு பரண்ல, இடது கைப்பக்கம். முட்டி வலியோட ஏறாதீங்க, கோபாலனை ஏறச் சொல்லுங்க.”

ஆக, 15ஆம் தேதி இரண்டு மணி கேட்டு நான் காப்பியை ரசித்துக் குடித்தபோதே எல்லாம் முடிவாகிவிட்டது.

கலத்தைப் பார்த்துக்கொள்ளச் சித்ரா. சித்ராவின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கமலா. கடைமடையில் நான். கிரகங்களையெல்லாம் தாண்டிப் போன ஒரு சாமான் என் பெண்டாட்டியை இழுத்துக்கொண்டது என்று சொன்னால் மெஸ் பெஞ்சில் ஒருத்தன் நம்பமாட்டான்.

எண்பதுக்கு இன்னும் இருபது வருஷம். அந்தக் கலத்துக்கும் அவ்வளவுதான் கரண்டு.

குருக்களுக்குப் போன் செய்தேன். “அந்த நாளை அவங்களுக்கே குடுத்துடுங்க.” அவர் சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மாவடு எடுக்க நானே ஏறினேன். முட்டி வலி.

நவ. 29, ஞாயிறு

மழை இல்லை. வெளிறிய வெயில். கோபாலன் வீட்டிலிருந்து ரசம் தீயும் வாசனை.

போன் முன்னால் உட்காரவில்லை. வீட்டுப் போனில் வெளிநாட்டு லைன் கிடையாது; ஆறேகாலுக்கே பூத். பாய் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினார். சித்ரா வீட்டு நம்பரைப் போட்டேன். அங்கே அடிக்கிறது. ஒன்று. இரண்டு. வைத்துவிட்டேன்.

“என்ன சார், அதுக்குள்ள வெச்சிட்டீங்க? லைன் கெடைக்கலையா?”

“கெடைச்சுது பாய்.”

“பேசவே இல்லையே?”

“பேசியாச்சு.”

ஒரு மாதிரியாகப் பார்த்தார். காசு வாங்கவில்லை.

வீட்டு வாசல். சாவியை நுழைக்கும்போது உள்ளே போன். ஒன்று. இரண்டு. மழையில் இறுகிய பூட்டு, திருகத் திருகத் திறக்கவில்லை.

நின்றுவிட்டது.

“சரி” என்றேன், கதவைப் பார்த்து, சத்தமாக.