கணப்பு அடுப்பின் மேல் இருந்த ஈஸ்ட்

அன்புள்ள அம்மாவுக்கு அபோலேனா எழுதுவது. நான் நலம், அப்பாவும் ஆஸ்பத்திரியில் தேறி வருகிறார், உன் முதுகுவலியும் வியன்னாவில் நீ பார்த்துக்கொள்ளும் பெரியவரின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பனியில் வழுக்கி விழுந்ததற்கெல்லாமா காலில் கம்பி வைப்பார்கள் என்று அப்பா நர்ஸிடம் சண்டை போட்டாராம், அதனால் அவர் பழைய அப்பாதான், நீ பயப்படாதே. பயப்படுவது நான்தான். பக்கத்து அறையில் லூபோர் சித்தப்பா குறட்டை விடுகிறார், சத்தம் நின்றால் விளக்கை அணைத்துவிடுவேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். போனில் பேசும்போதெல்லாம் அவர் பக்கத்திலேயே நிற்கிறார்.

நோன்புக்கு முந்தைய மாசோபுஸ்ட் விழா நெருங்குகிறது. தீயணைப்புச் சங்க மண்டபத்தில் மேசை போட்டு வீட்டு பீர் வைக்கிறவர்களின் வழக்கம் உனக்குத் தெரியும், ஒரு வருஷம் பீர் வராவிட்டால் அந்த மேசை அடுத்துக் காத்திருப்பவருக்குப் போய்விடும், நம் மேசைக்குக் காத்திருப்பவர் சித்தப்பாதான். அப்பாவுக்குப் பதில் நான் காய்ச்சுகிறேன் என்றதற்கு, "பாப்பா பீர் காய்ச்சுறாளாம், எல்லாரும் பால் புட்டியோட வாங்கப்பா" என்று சிரித்தார், பிறகு சிரிக்காமல், அடுப்பில் பீர் பாத்திரத்தைப் பார்த்தால் முற்றத்தில் தூக்கி எறிவேன் என்றார். முளைகட்டிய பார்லி மால்ட்டும் கசப்புக்குப் போடும் ஹாப்ஸும் வீட்டில் இருக்கின்றன, ஈஸ்ட் மட்டும் போன முறை பிரித்த பாக்கெட்டில் பாதிதான், நம் ஊர்க் கடையில் அது கிடைப்பதில்லை. அப்பா அதில் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை மடித்துத் துணி கிளிப் போட்டு, ஈரமில்லாத ஜாடியில் இறுக்கி மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். நேற்று தேடினால் ஜாடி காலி. க்வேதா சித்தி பாக்கெட்டைத் திறந்து கணப்பு அடுப்பின் மேல் வைத்திருக்கிறார். "பாவம், குளிர்ல விறைச்சுக் கெடந்துச்சுடி, கதகதப்பா இருந்தாத்தானே அதுக்கு உசுரு" என்றார். தினமும் கொலாச் இனிப்பு ரொட்டிக்கு மாவு பிசைகிறவருக்கு அப்படித்தான் தோன்றும், உலர்ந்த ஈஸ்ட் சூட்டிலும் காற்றிலும் வீரியம் இழந்துவிடும் என்று தெரியாது, அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு என் துணி அலமாரியில் ஒளித்து வைத்தேன். வெகு நேரம் கழித்து மெல்லிய நுரை வந்தது, அவ்வளவுதான். உயிர் இருக்கிறது, ஆனால் வழக்கமான பத்து லிட்டரைத் தாங்காது. அதனால் மீதி முழுவதையும் போட்டு ஐந்து லிட்டர் மட்டும் காய்ச்சப்போகிறேன். சங்கத் தலைவர் யாரோஷ் மாமாவிடம் அது போதுமா என்று கேட்டேன், "ஒரு ஜாடி வந்தாலும் பீர் பீர்தான், கண்ணு" என்றார். பாக்கெட்டை மறுபடி காற்றில்லாமல் மூடி, சித்தப்பா தொடவே தொடாத காரமான குதிரைமுள்ளங்கித் துவையல் புட்டிக்குப் பின்னால் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவும் சித்தியும் சர்ச் பூசைக்குக் கிளம்பியதும் அடுப்பு மூட்டுவேன். திரும்பி வரும்போது பாத்திரம் கொதித்துக்கொண்டுதான் இருக்கும், ஒளிக்க முடியாது, ஒளிக்கவும் மாட்டேன். அம்மாதான் காய்ச்சச் சொன்னாள் என்று சித்தப்பாவிடம் சொல்வேன். அவர் உடனே உனக்குப் போன் செய்வார். "ஆமா, நான்தான் சொன்னேன்" என்று சொல்லிவிடு. நான் பொய் சொன்னதாக ஆகக்கூடாது, அதனால் இதைப் படித்ததும் ஒருமுறை ‘காய்ச்சு’ என்று உன் வாயால் சொல்லிவிடு, அங்கே யாரும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை வியன்னா போகும் பஸ் டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இடுப்புப் பட்டை கட்டாமல் பெரியவரைத் தூக்காதே. கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும். ஞாயிறு மதியம் போனை விட்டு நகராதே.

உன் மகள்
அபோலேனா