வாசிக்காமல் வந்த ‘சரி’

யூலை 5, ஞாயிறு

நான் எழுதுவதை இவர்கள் இருவரும் உண்மையில் வாசிக்கிறார்களா? தெரியாது. கேட்டாலும் “ஓம் அக்கா” என்றுதான் பதில் வரும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கச்சான் காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்து வளவுக்குள் போய்விட்டது.

நேற்று மென்பொருள் வகுப்பில், படிப்பிக்கிற சேர் திரும்பவும் அதே விதியைச் சொன்னார். குழுவில் ஒருவர் எழுதிய நிரலை மற்ற இருவரும் வாசிக்கவேண்டும். பிழை இருந்தால் குறிப்பு எழுதவேண்டும், இல்லாவிட்டால் ‘சரி’ அழுத்தவேண்டும். அதன் பிறகுதான் அது பொது வேலையில் சேரும். எங்கள் குழு: டிலக்‌ஷன் (உப்புவெளி, வாய் ஓயாது), ஷப்னா (கிண்ணியா, வாய் திறக்காது), நான். அவர்கள் வயதைக் கூட்டினால் என் வயதை விடக் குறைவு. இரண்டு மாதமாக என் வேலைக்கு ஒரு குறையும் வரவில்லை. என் வேலை அவ்வளவு நல்லதல்ல என்பது எனக்குத் தெரியும்.

நாங்கள் செய்வது: டி.யின் மாமாவுக்கு இருக்கை பதியும் செயலி. அவர் விடுதிகளில் தங்குபவர்களைப் படகில் கடலுக்குக் கூட்டிப் போகிறவர். ஒரு படகுக்கு எட்டுப் பேர். வருகிற சனி வகுப்பில் செய்து காட்டவேண்டும். சித்தியடைந்தால்தான் ஷ.வுக்குக் கொழும்பில் பயிலுநர் வேலை. எனக்கு அப்படி எதுவும் காத்திருக்கவில்லை. அதுதான் அவர்களோடு இருக்கக் கொஞ்சம் கூச்சம்.

யூலை 6, திங்கள்

ஆய்வுகூடம். இன்று நான் பரிசோதித்தது மூதூர்ப் பக்கத்துக் கிணற்று நீர். வாசலில், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று யாரோ வீசிய சோற்றுப் பொதியின் தாளை மென்றுகொண்டு நின்றது.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. விடை தெரிந்த நீர்ப் போத்தல் ஒன்றை மற்றவற்றோடு சொல்லாமல் வைப்போம். பரிசோதிப்பவரின் கை சரியா என்று அப்படித்தான் தெரியும். யாரும் கோபிப்பதில்லை.

மதியச் சோற்றுக்குப் பிறகு அதையே செய்தேன். என் பகுதியில் வேண்டுமென்றே ஒரு பிழை. ஒன்பதாவது ஆளுக்கும் இடம் கொடுக்கும். வாசிப்பவர் கண்ணில் படாமல் போகாது. அனுப்பினேன்.

தேநீர் ஆறுவதற்குள் இரண்டு ‘சரி’. டி. ஒரு செய்தியும் போட்டிருந்தான்: “அக்கா எழுதினா பிழை வருமே?”

யூலை 7, செவ்வாய்

வெக்கை. காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. அதுவும் நீர்ப் பரிசோதகியின் வீட்டில்.

ஷ. தன் பகுதியில் சிறு திருத்தம் அனுப்பியிருந்தாள். ‘சரி’ போட்டேன்.

யூலை 8, புதன்

பிழையைப் பற்றி இன்னும் ஒரு குறிப்பும் வரவில்லை.

வாங்க: மின்குமிழ், மிளகாய்த்தூள், லப்டொப்புக்கு உறை.

பஸ்ஸில் பின் இருக்கையில் இரண்டு பெண்கள்.
“இவவும் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போறாவாம்.”
“இந்த வயசிலயோ? என்னத்துக்கு?”
“ஆரின்டயும் பேஸ்புக்கைப் பாக்கவாக்கும்.”
திரும்பிப் பார்க்கவில்லை. சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டம்.

யூலை 9, வியாழன்

போதும். பிழையை நானே எடுத்துவிட்டு அனுப்பினேன். டி. உடனே ‘சரி’. ஷ.வின் பெயருக்குக் கீழே ‘எழுதுகிறார்’ என்று வந்தது, மறைந்தது, திரும்ப வந்தது. கடைசியில் அவளிடமிருந்தும் வெறும் ‘சரி’.

யூலை 10, வெள்ளி

உப்புவெளி. மாமாவின் வீட்டு விறாந்தையில் ஒத்திகை. அவரே போனை வாங்கி ஆட்களைப் பதிந்தார். ஏழு பேர் ஏறினார்கள். எட்டாவது ஆளுக்கு ‘இடமில்லை’.

மாமா: “எட்டாவது ஆளைக் கரையில விட்டிட்டுப் போறதோ? அவர் புது மாப்பிள்ளையா இருந்தா?”

டி. என்னைப் பார்த்தான். நான் என் பகுதியைத் திறந்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஷ. மெதுவாக: “அது என்ட வேலை அக்கா. நீங்க ஒன்பது பேர ஏத்தினீங்க. அதால நான் என்ட பக்கத்தில படகுக்கு ஏழு இடம் எண்டு மாத்திட்டன். ரெண்டும் சேந்து எட்டு வந்திச்சி. இப்ப நீங்க உங்கடயத் திருத்திட்டீங்க. நேத்து அதச் சொல்ல எழுதி எழுதி அழிச்சதில, என்ட ஏழ மாத்த விட்டிட்டன்.”

“பிழை எண்டு சொல்லியிருக்கலாமே?”

“உங்களுக்கு எப்பிடிச் சொல்றது? செவ்வாய்க்கிழம அனுப்பினனான்தானே. நீங்களும் சரி போட்டீங்க.”

போட்டேன். வாசிக்கவில்லை.

வேண்டுமென்றே வைத்த பிழை அது என்று சொன்னேன். டி. தலையில் கை வைத்தான்: “அப்ப சோதனையில நான் பெயில்.” ஷ. சிரிக்கவில்லை. “எங்களச் சோதிச்சீங்களா? நாளைக்கி இப்பிடி நடந்திருந்தா எனக்கு அந்த வேல?”

மன்னிப்புக் கேட்டேன். சரியாக வரவில்லை, விளக்கம் மாதிரி வந்தது. அவள் தன் பகுதியில் ஏழை எட்டாக்கினாள். இந்தத் தடவை ஒரே திரையில் மூன்று பேரும் வரி வரியாக வாசித்தோம். கிண்ணியா பஸ் வந்ததும் டி.யிடம் மட்டும் சொல்லிவிட்டு ஏறினாள்.

நாளை செயலி வேலை செய்யும். நடந்ததை அவள் வகுப்பில் சொல்லமாட்டாள். நானும் சொல்லாவிட்டால் அத்தோடு முடிந்தது.

யூலை 11, சனி

செயலி வேலை செய்தது. எட்டுப் பேர் ஏறினார்கள், ஒன்பதாவது ஆளுக்கு இடமில்லை. முடிந்தது என்று உட்காரப் போனோம். சேர் எங்கள் வாசிப்புப் பதிவுகளைத் திரையில் போட்டார்.

“ரெண்டு மாசத்தில ஒரு குறிப்புக்கூட இல்லையே. மூண்டு பேரும் அவ்வளவு கெட்டிக்காரரோ?”

வகுப்பு சிரித்தது. நான் வாயைத் திறக்க முதல் ஷ. எழுந்தாள். ஒரே மூச்சில்:

“இல்ல சேர். அக்கா ஒரு பிழை விட்டவ. நான் கண்டும் சொல்லல்ல. நான் மாத்தினத அக்கா வாசிக்காமலே சரி போட்டவ.”

டி.: “நான் ரெண்டையுமே வாசிக்கயில்ல சேர்.”

வேண்டுமென்று விட்ட பிழை என்பதை அவள் சொல்லவில்லை. அதை நான் சொன்னேன். சேர் புள்ளித் தாளை எடுத்தார்.

“வாசிப்புக்கு மூண்டு பேருக்கும் பூச்சியம். செயலிக்கு நல்ல புள்ளி. மொத்தத்தில சித்தியடைஞ்சிட்டீங்கள். போய் இருங்கோ.”

ஷ. கதிரையில் அமர்ந்து முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பிறகு வெளியே போய் வீட்டுக்குப் போன் எடுத்தாள்.

பஸ் தரிப்பிடத்தில் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, உங்கட பகுதியில இன்னும் பிழை கிடக்கு. வேணுமெண்டு விட்டது இல்ல எண்டு நினைக்கிறன்.”

“சொல்லுங்க.”

“கோவிப்பீங்களா?”

“தெரியாது.”

கிண்ணியா பஸ் வந்தது. அவள் ஏறவில்லை, லப்டொப்பைத் திறந்தாள். முதலாவதைக் காட்டினாள். எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்தது எது என்று கேட்டேன்.